டெவென்டரில் மாலை நேரத்தில் படம் எடுக்க எங்கே நிற்கலாம்?

கேள்வி
அக்டோபர் நடுவில் அலுவல் காரணமாக நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் தங்க வேண்டியிருக்கிறது. கூட்டங்கள் மாலை ஐந்து மணியளவில் முடிந்துவிடும். உடன் வருபவர்கள் அன்றாடம் ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் போகலாம் என்கிறார்கள். எனக்கோ தங்கும் ஊரையே படம் பிடிக்க ஆசை. மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், சிறிய முக்காலி ஆகியவை மட்டுமே கொண்டு வருகிறேன். எங்கே நின்றால் பயன் கிடைக்கும்? வழிப்போக்கர்கள் படத்தில் விழுந்தால் சட்டச் சிக்கல் வருமா?

முதல் பதில்
ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அக்டோபர் நடுவில் சூரியன் ஏறக்குறைய 6.30 மணிக்கு மறைந்துவிடுவதால், நீங்கள் போய் இறங்குவதற்குள் வெளிச்சம் தீர்ந்திருக்கும். ஆகவே ஊரிலேயே இருங்கள்.

டெவென்டரின் பழைய நகரம் ஐசல் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் உள்ள டி வொர்ப் பூங்காவுக்குப் போய் நின்றால், மாலைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, கரையோர வீடுகளின் மீதும் லெபுயினுஸ் தேவாலயக் கோபுரத்தின் மீதும் வெளிச்சம் நேராக விழும். ஆட்களையும் மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்லும் சிறு படகில் ஆற்றைக் கடக்கலாம்; படகு இல்லையென்றால் வில்ஹெல்மினா பாலத்தின் வழியே நடந்தே போகலாம்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வானம் கருநீலமாகும் அந்த அரை மணி நேரத்தில்தான் கரை விளக்குகளும் வானமும் ஏறத்தாழ ஒரே அளவு பிரகாசத்தில் இருக்கும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 என்று வைத்துப் பத்துப் பதினைந்து விநாடிகள் ஷட்டரைத் திறந்து வைத்துப் பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போது ஆறு வலமிருந்து இடமாக ஓடும். நீரோட்டத்தை எதிர்த்து வரும் சரக்குப் படகுகள் மெதுவாக நகர்வதால், அவற்றின் விளக்குகள் படத்தில் அறுபடாத கோடாக விழும்.

இரண்டாம் பதில்
மேலே நண்பர் சொன்ன காட்சி அழகானதுதான், ஆனால் அஞ்சலட்டையிலும் அதே காட்சிதான் இருக்கிறது. 35 மி.மீ. லென்ஸுக்கு ஊரின் உட்புறமே பொருத்தம் என்பது என் கருத்து. பிரிங்க் சதுக்கத்தில் 1528-இல் கட்டப்பட்ட பழைய எடைமாடம் (சரக்குகளை எடை போட்ட கட்டடம்) இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் பெரிய செம்புக் கொப்பரை ஒன்று தொங்குகிறது. 1434-இல் கள்ள நாணயம் அடித்தவர் ஒருவரை அதில் போட்டுக் கொதிக்க வைத்துக் கொன்றதாக ஊரில் சொல்வார்கள். கொப்பரையை முன்னால் வைத்து, சதுக்கத்தில் போகிறவர்களைப் பின்னால் விட்டு எடுத்தால் ஊரின் குணம் படத்தில் வந்துவிடும். அங்கிருந்து பெர்க்குவார்டீர் பகுதிக்கு ஏறுங்கள்; குறுகிய சந்துகள், மேலே இரட்டைக் கோபுரத் தேவாலயம். மழை பெய்தால் அறைக்குள் முடங்க வேண்டாம், நனைந்த கல்பாவிய தெருவில் கடை விளக்குகள் பிரதிபலிப்பதைப் போன்ற காட்சி வெயில் நாளில் கிடைக்காது.

மூன்றாம் பதில்
சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொது இடத்தில் படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் டச்சுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, படத்தில் அடையாளம் தெரியும் ஒருவர் நியாயமான காரணம் இருந்தால் அதை வெளியிடுவதை எதிர்க்கலாம்; எனவே முகம் பெரிதாகத் தெரியும் படத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. கட்டடங்களையும் தெருச் சிலைகளையும் 18-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இன்னொன்று: பல வீடுகளில் திரைச்சீலை இருக்காது, அதற்காக உள்ளே இருப்பவர்களைப் படம் எடுப்பது நாகரிகமல்ல.

கேட்டவர்
மிக்க நன்றி. அலுவலுக்கு முன், காலையில் ஏதாவது எடுக்க முடியுமா?

முதல் பதில் எழுதியவர்
தாராளமாக. அந்த வாரங்களில் சூரியன் எட்டு மணியை ஒட்டித்தான் உதிக்கும். அதே எதிர்க்கரையில் நின்றால் இம்முறை ஒளி நகரத்துக்குப் பின்னாலிருந்து வரும். கோபுரங்கள் நிழலுருவாகத் தெரியும், ஆற்றில் மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது. பயணம் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனால் மட்டும் கவனியுங்கள்: அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால், அதன் பிறகு ஐந்து மணிக்குக் கூட்டம் முடியும்போதே சூரியன் மறையும் தறுவாயில் இருக்கும்.