லியோனில் வாடகை வீடு: வெந்நீர் இல்லை, அடுப்புப் போட்டால் மின்சாரம் போகிறது. நாளை எங்கள் மணநாள், உதவுங்கள்

சிறுமுகை மருமகன் | மாலை 6:35 (பிரான்ஸ் நேரம்)

வணக்கம். நானும் மனைவியும் நேற்று மதியம் பாரிசிலிருந்து டிஜிவி ரயிலில் இரண்டு மணி நேரத்தில் லியோன் வந்து சேர்ந்தோம். நாளை எங்களுக்கு இருபத்தைந்தாவது மணநாள். எங்கே போகலாம் என்று கேட்டபோது அவள் யோசிக்காமல் சொன்ன ஊர் இது. என் மாமனார் சிறுமுகையில் பட்டு நெய்தவர். அவர் தறிமேல் இருந்த, பட்டில் பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

ஐந்து நாளைக்கு க்ருவா ரூஸ் மேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வீடு எடுத்திருக்கிறோம். வீடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பிரச்சினை.

நேற்று வந்தவுடன் நான் முதலில் குளித்தேன், நல்ல வெந்நீர் வந்தது. பிறகு அவள் போனாள். பாதியிலேயே பச்சைத் தண்ணீர். இன்று காலையும் அதே. வெளியே ஆறு டிகிரி குளிர். நான் முந்திக்கொண்டேனே என்று மனது கேட்கவில்லை.

இரண்டாவது, இன்று மதியம் சாதமும் ரசமும் வைத்துக்கொண்டிருந்தபோது வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் வந்து, மாடிப்படி ஓரத்தில் இருக்கும் பச்சைப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினார். வந்துவிட்டது. அவர் பிரெஞ்சில் ஏதோ விளக்கினார், எங்களுக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரருக்கு மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை | மாலை 6:48

ஐயா, நான் துலூசில் படிக்கிறேன். எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் எரிவாயு பாய்லர் இருக்கிறது. அது சில சமயம் அணைந்துபோகும், முன்னால் இருக்கும் பட்டனை அழுத்தினால் திரும்ப எரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

சிறுமுகை மருமகன் | மாலை 6:57

நன்றி தம்பி. எரிவாயு எதுவும் இல்லை, அடுப்பே மின்சாரம்தான். கழிப்பறைக்கு மேலே ஒரு அலமாரியில் வெள்ளை உருளை ஒன்று இருக்கிறது. அதன்மேல் 100 லிட்டர், 1200 வாட் என்று போட்டிருக்கிறது.

முத்தியால்பேட்டை | மாலை 7:04

அண்ணா, நான் புதுச்சேரி. லியோனை ஒட்டிய வில்லர்பானில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். அந்த வெள்ளை உருளையை இங்கே எல்லோரும் குமுலுஸ் என்பார்கள். நம் ஊர் கீசர் மாதிரி போட்டவுடன் சூடாகாது. பெரும்பாலும் இரவில், மின்கட்டணம் குறைகிற நேரத்தில் மட்டும் ஒரு தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும், மறுநாள் முழுக்க அதைத்தான் செலவழிக்க வேண்டும்.

கதவுக்குப் பக்கத்தில் வெள்ளை மூடி போட்ட மின்பலகை இருக்கும். திறந்து பாருங்கள். வரிசையாக இருக்கிற சுவிட்சுகளில் ஒன்றில் மட்டும் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 0, ஆட்டோ, 1 என்று மூன்று நிலை. அது எதில் நிற்கிறது?

சிறுமுகை மருமகன் | மாலை 7:11

கண்டுபிடித்துவிட்டேன் அம்மா! 0-வில் நிற்கிறது.

முத்தியால்பேட்டை | மாலை 7:13

அதுதான் விஷயம். முன்னால் தங்கியவர்கள் போனபிறகு யாரோ அணைத்திருக்கிறார்கள். தொட்டியில் மிச்சமிருந்த பழைய சூடுதான் நேற்று உங்களுக்குக் கிடைத்தது. இப்போது 1-க்குத் தள்ளுங்கள், இரவுக்காகக் காத்திராமல் உடனே சூடேற ஆரம்பிக்கும்.

சிறுமுகை மருமகன் | மாலை 7:31

தள்ளினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி வீடே இருட்டு. அவள் அப்போதுதான் சாதத்துக்கு உலை வைத்திருந்தாள். போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பச்சைப் பெட்டியைப் பார்க்க இப்போது வெளியே போகட்டுமா?

லாச்சப்பல் தம்பி | மாலை 7:34

அண்ணை, போறதுக்கு முதல் ஒன்று. சாவியைக் கையில எடுத்துக்கொண்டு போங்கோ. இங்கத்தைக் கதவுகள் பலதுக்கு வெளிப்பக்கம் திருகுற கைப்பிடி கிடையாது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். மீட்டர் பார்க்கப் போய் வெளியில நின்ற ஆட்களை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறன். இரவில வருகிற பூட்டுக்காரர் சிலர் நூற்றுக்கணக்கில யூரோ கேட்பினம். அக்காவை உள்ளே நிற்கச் சொல்லுங்கோ.

நான் பாரிசில மின்வேலைதான் செய்கிறன். அந்தப் பச்சைப் பெட்டிதான் மின்மீட்டர், பெயர் லிங்கி. அதுவே மின்சாரத்தை நிறுத்தினால் திரையில பவர் கூடிவிட்டது என்ற மாதிரி ஒரு செய்தி வரும், அதில புய்சான்ஸ் என்ற சொல் இருக்கும். முதல்ல அடுப்பையும் ஹீட்டர்களையும் அணையுங்கோ. பிறகு + பொத்தானை க்ளிக் என்று சத்தம் கேட்கும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கோ.

சிறுமுகை மருமகன் | மாலை 7:46

வந்துவிட்டது தம்பி. நீங்கள் சொன்ன அதே சொல் திரையில் இருந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். திரும்பிப் பார்த்தால் கதவு தானாகவே மூடிக் கிடக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் சாவியை உள்ளே மேசைமேல் விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன்.

ஆனால் இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? வயரிங் கோளாறா? அவள் இப்போது எதையும் தொடவே பயப்படுகிறாள்.

லாச்சப்பல் தம்பி | மாலை 8:02

அக்காவைப் பயப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வயரில பிழை இருந்தால் வீட்டுக்குள்ள இருக்கிற பலகையில ஒரு சுவிட்ச் விழுந்திருக்கும். உங்களுக்கு விழுந்தது வெளியில இருக்கிற லிங்கி. அதுக்கு அர்த்தம், வீட்டுக்காரர் ஒப்பந்தம் போட்ட அளவைவிடக் கூட எடுத்துவிட்டியள் என்பதுதான். இங்க ஒவ்வொரு வீட்டுக்கும் 3, 6, 9 என்று கேவிஏ கணக்கில ஒரு எல்லை வாங்க வேணும். சின்ன வீடுகளுக்குப் பெரும்பாலும் 6, அதாவது ஏறக்குறைய ஆறாயிரம் வாட். பெட்டியில + பொத்தானைச் சும்மா ஒவ்வொரு தடவையாகத் தட்டிக்கொண்டு வந்தால் அந்த எண் தெரியும்.

எத்தனை ஹீட்டர் ஓடுது? ஒவ்வொன்றிலும் எத்தனை வாட் எழுதியிருக்கு?

சிறுமுகை மருமகன் | மாலை 8:10

6 என்றுதான் காட்டுகிறது. ஹாலில் 2000 வாட், படுக்கை இருக்கும் இடத்தில் 1500. இரண்டும் இரவு பகலாக ஓடுகின்றன, ஆனாலும் ஹால் சூடாகவே மாட்டேன் என்கிறது. கூரை அவ்வளவு உயரம். நாலு மீட்டர் இருக்கும். கட்டில் ஒரு மரப்பரண்மேல், ஏணிப்படி ஏறிப் போகவேண்டும். அங்கே மட்டும் கதகதப்பாக இருக்கிறது.

லாச்சப்பல் தம்பி | மாலை 8:16

கணக்கு அங்கேயே முடிஞ்சுது. ஹீட்டர் இரண்டும் 3500. அடுப்பில இரண்டு வட்டம் போட்டால் இன்னொரு 3000, 3500. இதுவே ஆறாயிரத்தைத் தாண்டுது, மதியம் விழுந்தது அதால. இப்ப குமுலுசின்ர 1200-ம் சேர்ந்தது.

இப்படிச் செய்யுங்கோ. சமையல் நடக்கும்போது ஹால் ஹீட்டரை அணைச்சு விடுங்கோ. ஒரு நேரத்தில ஒரு வட்டம் போதும். சாப்பிட்டு முடிச்ச பிறகு குமுலுசை 1-இல போடுங்கோ. 1200 வாட்டில 100 லிட்டர் சூடாக நாலரை மணித்தியாலம் எடுக்கும், இரவு ஒன்றரைக்குள்ள சரியாகிவிடும். இரவுக் கட்டணம் தொடங்கும்போது அந்த நாக்கு தானே ஆட்டோவுக்கு வந்துவிடும், நீங்கள் முழிச்சிருக்கத் தேவையில்லை. மற்ற நாட்களில அதைத் தொடாதீங்கோ.

உருளையின்ர மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். உள்ளுக்கு மின்சாரம் ஓடுது.

முத்தியால்பேட்டை | மாலை 8:25

அண்ணா, என்மேல்தான் தப்பு. அடுப்பு எரிகிறதா என்று கேட்காமலேயே தள்ளச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

அந்த நாலு மீட்டர் கூரையைப் பற்றி அண்ணியிடம் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் தங்கியிருப்பது நெசவாளர் வீடு. க்ருவா ரூசில் இருந்த பட்டு நெசவாளர்களைக் கனு என்பார்கள். ஜக்கார்டு என்பவர் 1804-இல் தன் பொறியைக் கொண்டுவந்தபிறகு, தறிமேல் அந்தப் பெட்டியும் ஏறவேண்டும் என்பதால் பழைய நகரத்துத் தாழ்ந்த வீடுகள் உதவவில்லை. அதற்காகவே இந்த மேட்டில் கூரையை உயர்த்தி, பெரிய பெரிய ஜன்னல் வைத்து வீடுகள் கட்டினார்கள். கீழே தறி, பரண்மேல் குடும்பம். நீங்கள் படுத்திருக்கிற பரண் அப்படி வந்ததாக இருக்கலாம். தறிக்கு விட்ட உயரம்தான் இன்றைக்கு உங்கள் ஹீட்டரின் சூட்டையெல்லாம் மேலே இழுத்துக்கொள்கிறது.

சிறுமுகை மருமகன் | இரவு 8:51

இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் தறிக்குப் பெட்டி ஏற்றியபோது எங்கள் மாமியார் வீட்டிலும் ஓடுகளைப் பிரித்துக் கூரையை இரண்டடி தூக்கினார்களாம். அந்த வருஷம் மழைக்கு ஒழுகிய ஒழுகல் பற்றி இருபத்தைந்து வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை, இன்றைக்குத்தான் சொன்னாள்.

சாதம் ஆகிவிட்டது. ஒரே வட்டம், ஹால் ஹீட்டர் அணைத்தாயிற்று. 9 மணிக்குக் குமுலுசை 1-இல் போடுகிறேன்.

சிறுமுகை மருமகன் | இரவு 11:20

மன்னிக்கவும், தூங்கப் போகுமுன் ஒரு சந்தேகம். உருளைக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. வெடித்துவிடாதே?

லாச்சப்பல் தம்பி | இரவு 11:26

இல்லை அண்ணை. அந்தச் சொட்டு அடியில இருக்கிற புனலுக்குள்ளதானே விழுது? அது நல்ல அறிகுறி. தண்ணி சூடாகும்போது விரியும், நூறு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வரை. அந்த மிச்சத்தைப் பாதுகாப்பு வால்வு வெளியே விடுது. சூடேறி முடிய நின்றுவிடும். புனலைத் தாண்டித் தரையில ஓடினால்தான் பிரச்சினை. நிம்மதியாகப் படுங்கோ.

நெல்லைச்சீமை | இரவு 11:40

ஐயா, வீட்டுக்காரருக்குப் போனில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். வீடு பதிவு செய்த செயலியிலேயே எழுதுங்கள். 0-வில் நின்ற சுவிட்சின் படம், லிங்கி திரையின் படம், நேரம் எல்லாம் போடுங்கள். பிறகு கட்டணத்தில் ஏதாவது திருப்பிக் கேட்பதானால் அதுதான் ஆதாரம். எனக்கு ஒருமுறை எதுவும் எழுதிவைக்காததால் பணம் திரும்பவில்லை.

முத்தியால்பேட்டை | காலை 6:10

மணநாள் வாழ்த்துகள் அண்ணா, அண்ணி! வெந்நீர் வந்ததா?

வானம் தெளிவாக இருந்தால் குளித்துவிட்டு முதலில் க்ரோ கையூவுக்கு நடந்து போங்கள். மேட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய பாறை, கீழே ரோன் ஆறு, தூரத்தில் ஆல்ப்ஸ் மலை. அங்கிருந்து பூல்வார் என்ற பெரிய சாலை முழுக்கச் சந்தை, திங்கள் தவிர எல்லா நாளும் உண்டு. ஜக்கார்டின் சிலை க்ருவா ரூஸ் மெட்ரோ நிலையம் இருக்கிற சதுக்கத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் மேசோன் தே கனு என்ற நெசவு அருங்காட்சியகம், தறியை ஓட்டிக் காட்டுவார்கள். பிறகு சரிவில் இறங்கி கூர் தே வொராஸ் என்ற முற்றத்தைப் பாருங்கள், ஆறு மாடி உயரத்துக்குக் கல் படிக்கட்டு. பட்டு நனையாமல் கொண்டுபோக உதவிய திரபூல் சந்துகளில் அதுவும் ஒன்று. உள்ளே இன்றும் குடியிருக்கிறார்கள், மெதுவாகப் பேசிக்கொண்டு போங்கள்.

சைவம் என்றால் இங்கத்து பூஷோன் உணவகங்களில் திண்டாட்டம்தான், எல்லாம் இறைச்சி. செர்வெல் த கனு கேளுங்கள். கனுவின் மூளை என்று பொருள், பயந்துவிடாதீர்கள். உண்மையில் புதுப் பாற்கட்டியில் பூண்டும் பச்சை இலைகளும் கலந்தது. நம் தயிர்ப் பச்சடிக்குச் சொந்தக்காரன்.

சிறுமுகை மருமகன் | இரவு 7:55

எல்லோருக்கும் நன்றி. காலை ஆறரைக்குக் குழாயைத் திறந்தேன், கை வைக்க முடியாத சூடு. அவளைத்தான் முதலில் அனுப்பினேன். அரை மணி நேரம் குளித்தாள், அதன்பிறகும் எனக்கு மிச்சம் இருந்தது.

வீட்டுக்காரர் பத்து மணிக்குப் பதில் எழுதினார். ஆள் தங்காத நாட்களில் அணைத்து வைப்பது வழக்கமாம், திரும்பப் போட மறந்துவிட்டதாம். மன்னிப்புக் கேட்டு ஒரு இரவின் வாடகையைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நெல்லைத் தம்பி சொன்னபடி படங்களோடு எழுதியிருந்தது உதவியது.

அருங்காட்சியகத்தில் தறியை ஓட்டிக் காட்டிய அம்மா மிதியை அமுக்கியதும் மேலே பெட்டியில் டக்கென்று ஒரு சத்தம், துளை போட்ட அட்டை ஒன்று திரும்பியது. என் மனைவி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி டக். அடுத்த அட்டை. அட்டைகளைக் கோத்திருந்த கயிற்று முடிச்சைக் காட்டி, நாங்களும் இப்படித்தான் கட்டுவோம் என்று தமிழிலேயே அந்த அம்மாவிடம் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அட்டை கோப்பது அவள் வேலையாக இருந்ததாம். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனால் அவள் விரல் போன வேகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். அப்பா இருந்து இதைப் பார்த்திருக்கணும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது சாதம் வேகிறது. ஹால் ஹீட்டரை அணைத்திருக்கிறேன். சந்தையில் செர்வெல் த கனு ஒரு டப்பா வாங்கினோம், அதில் ஊரிலிருந்து கொண்டுவந்த மோர்மிளகாயை வறுத்து நொறுக்கிப் போட்டுக் கொண்டிருக்கிறாள்.