ஹியூகோ வாக்குச்சீட்டு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தருணம் இருந்தால் சொல்லுங்கள்

மொட்டைமாடி வாசகி

நானே ஆரம்பிக்கிறேன். ஹியூகோ என்பது உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தரும் விருது. 2015, அமெரிக்காவின் ஸ்போகேன் மாநாடு. அந்த ஆண்டு 'பப்பீஸ்' என்ற குழுவினர் தாங்கள் போட்ட பட்டியலுக்கே கூட்டாக நாமினேஷன் செய்து பல பிரிவுகளை நிரப்பியிருந்தார்கள். 40 டாலர் கட்டி, நேரில் போகாமலே வாக்களிக்கும் சப்போர்ட்டிங் உறுப்பினர் ஆனேன், அதுதான் முதல் முறை. குறுநாவல் பிரிவில் ஐந்து இடங்களையும் அவர்களுடைய பட்டியலே பிடித்திருந்தது. ஐந்தையும் படித்தேன். அதில் ஒன்று எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஆனாலும் விருப்ப வரிசைப்படி எண் போடும் அந்தச் சீட்டில், 'நோ அவார்ட்' (யாருக்கும் விருது வேண்டாம்) கட்டத்தில் 1 போட்டேன், மற்றதையெல்லாம் காலியாக விட்டேன்.

விழா நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. லேப்டாப்பில் நேரலை ஓடுகிறது. குறுநாவல் முறை வந்தது. நோ அவார்ட் என்று அறிவித்தார்கள். அரங்கமே கைதட்டியது. நான் கேட்ட முடிவுதான் வந்திருக்கிறது, ஆனால் எனக்குக் கைதட்ட வரவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மொத்தம் ஐந்து பிரிவுகளில் இதே முடிவு. கடைசியில் விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு விண்வெளி வீரர் சீன எழுத்தாளர் லியு சிஷினின் நாவலைச் சிறந்த நாவலாக அறிவித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆனால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதட்டல்தான்.

குறுக்குச்சந்து

அக்கா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பிடித்த கதைக்கு வாக்களிக்கத்தானே உறுப்பினர் ஆகிறோம்? அது எப்படி ஃபைனலிஸ்ட் ஆனது என்று பார்ப்பது வாசகரின் வேலை இல்லை. எழுதியவருக்குத் தெரியாமலேயே பெயரைப் பட்டியலில் சேர்த்ததும் அந்த ஆண்டு நடந்தது. தெரிந்ததும் விலகிக்கொண்டவர்களும் உண்டு. அப்படியிருக்க, எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தியது எந்த வகையில் நியாயம்?

நானும் அந்த ஆண்டு வாக்களித்தேன். என் பிரச்சினை சிறந்த எடிட்டருக்கான இரண்டு பிரிவுகள். ஒரு நாவலில் எடிட்டர் எதை மாற்றினார் என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? இரண்டு பிரிவுகளையும் தொடாமல் விட்டேன். இரண்டிலும் நோ அவார்ட். அப்போதுதான் யோசித்தேன், தெரியாது என்று நான் ஒதுங்கிய இடத்தில் தெரியாத இன்னும் பல பேர் முடிவெடுத்திருப்பார்களே என்று.

ராத்திரி பஸ்

சண்டை வேண்டாம். என் கதை 2023, சீனாவின் செங்டு மாநாடு. ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவலை நாமினேட் செய்தேன். நெபுலா விருது வாங்கிவிட்டது, லோகஸ் விருது வாங்கிவிட்டது, ஹியூகோவில் ஃபைனலிஸ்ட் பட்டியலில்கூட இல்லை. சரி, அவரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாநாடு முடிந்து 90 நாளுக்குள் நாமினேஷன், வாக்குப் புள்ளிவிவரம் தர வேண்டும் என்பது விதி. ஜனவரியில் கிட்டத்தட்ட கடைசி நாளில்தான் வந்தது. ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம், போனில் அந்த பி.டி.எஃப். பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறேன். பேபல் இருக்கிறது. பட்டியலுக்குள் வரப் போதுமான வாக்குகளும் இருக்கின்றன. பக்கத்தில் 'தகுதி இல்லை' என்று மட்டும். ஏன் என்று ஒரு வரி கிடையாது. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பி அவரிடமாவது சொல்லலாமா என்றிருந்தது. நாமினேஷன் பக்கத்தைத் திறந்தாலே இப்போதும் அந்த இரண்டு வார்த்தைதான் ஞாபகம் வருகிறது.

வடகடல்

2024 கிளாஸ்கோ. ஜூலையில் விருதை நடத்துபவர்கள் விட்ட அறிக்கை: 3,813 வாக்குகளில் 377 செல்லாது. ஒரே ஃபைனலிஸ்டுக்காக யாரோ பணம் கட்டி உறுப்பினர் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வரிசையில் பெயரின் இரண்டாம் பகுதியில் முதல் எழுத்து மட்டும் அகர வரிசைப்படி மாறுகிறது. இன்னொரு வரிசையில் பெயர்களே அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பு. இதைப் படித்த ராத்திரி எனக்கு ஒரு பயம் வந்தது. நம் பெயரில் இனிஷியல் முன்னால் வரும், அப்பா பெயர் பின்னால் வரும், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கார்டில் ஒரு மாதிரி. என் வாக்கையும் யாராவது போலி என்று நினைத்துவிட்டால்? உள்நுழைந்து பார்த்தேன், வாக்குச்சீட்டு அப்படியே இருந்தது. அந்த ஃபைனலிஸ்டுக்கு இதில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை என்று அறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள், பெயரையும் வெளியிடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. செங்டுவுக்கு அடுத்த ஆண்டே இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது பெரிய விஷயம்.

கடைசி நிமிடம்

என்னுடையது சின்னது. ஒரு ஆண்டு சிறுகதைப் பிரிவில் நோ அவார்டை மூன்றாவதாகப் போட்டு, அதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கதை வென்றது.

ஆனால் இங்கே எழுதுபவர்களில் பலருக்கும் எண்ணும் முறை புரியவில்லை என்று தோன்றுவதால் சொல்கிறேன். இது புள்ளி கூட்டும் கணக்கு இல்லை. உங்கள் சீட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு படைப்பிடம்தான் இருக்கும். அது வெளியேறினால் அடுத்த எண்ணுக்குப் போகும். அதனால் இரண்டாவதாக ஒன்றைப் போடுவதால் முதலாவதற்கு எந்த நஷ்டமும் இல்லை. நோ அவார்டும் ஒரு போட்டியாளர் போலத்தான் எண்ணப்படும், அதுவும் வெளியேறலாம். வெளியேறிய பிறகு அதற்குக் கீழே நீங்கள் எண் போட்டிருந்தால் உங்கள் சீட்டு தொடர்ந்து உயிரோடு இருக்கும். காலியாக விட்டிருந்தால், மிச்சம் இருப்பவற்றில் எது ஜெயித்தாலும் பரவாயில்லை என்று சொன்னதாகத்தான் அர்த்தம். என் சீட்டு அங்கேதான் செத்தது. இரண்டு மோசமானவற்றில் எது பரவாயில்லை என்று தோன்றுகிறதோ அதற்காவது எண் போடுங்கள்.

அப்புறம் வோட்டர் பாக்கெட் (வாக்காளர்களுக்குத் தரும் ஃபைனலிஸ்ட் படைப்புகளின் தொகுப்பு) வந்ததும் குறுநாவலில் ஆரம்பிக்காதீர்கள். 17,500 வார்த்தையிலிருந்து 40,000 வரை போகும், ஆறு ஃபைனலிஸ்ட் என்றால் ஒரு மாதம் ஓடிவிடும். சிறுகதைகளை முதலில் முடியுங்கள், ஆறையும் ஒரே வாரத்தில் படிக்கலாம். படிக்கப் படிக்க எண் போட்டுச் சேமியுங்கள், கெடு முடியும் வரை மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, போன ஆண்டு உறுப்பினராக இருந்தவர்கள் இந்த ஆண்டும் நாமினேட் செய்யலாம். பணம் கட்டத் தேவையில்லை. நிறைய பேர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

மொட்டைமாடி வாசகி

குறுக்குச்சந்து, நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். நோ அவார்டுக்கு 1 போட்டதற்காக நான் இன்றும் வருந்தவில்லை. ஒரு சின்னக் கூட்டம் மொத்தப் பிரிவையும் அடைத்துக்கொண்டால் வாசகர்களிடம் மிஞ்சுவது அந்த ஒரு கட்டம்தான்.

கடைசி நிமிடம் சொன்ன விதி எனக்கு அப்போதே தெரியும். நோ அவார்டுக்குக் கீழே அந்தக் குறுநாவலுக்கு 2 போட்டிருக்கலாம். அதனால் முடிவு மாறியிருக்காது. பிடித்திருந்தது என்று எழுதிவைக்க எனக்கு அந்த ஒரு கட்டம் இருந்தது, அதைக் காலியாக விட்டேன்.