ஜெர்மனிக்குப் போகும் மனநலச் செயலி: முதலீட்டுக் கணக்கைச் சரிபார்க்க உதவி தேவை

சின்ன மனநலச் செயலி நிறுவனம் ஒன்று ஜெர்மனியில் கால்பதிக்க முதலீடு திரட்டுகிறது. பதிவிறக்க எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். பதிவிறக்கிய 30-ஆம் நாளில் எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் மழுப்பல். அங்கே பொதுக் காப்பீடு பணம் தர டிகா (DiGA) எனும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவச் செயலிகளின் அரசுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். தற்காலிக இடம் என்றால் பொதுவாக 12 மாதத்துக்குள் பலனை ஆய்வில் நிரூபிக்க வேண்டும். விலையை நிறுவனமே வைப்பது முதல் ஆண்டுக்கு மட்டும். பிறகு காப்பீட்டுத் தரப்போடு பேரம். இவர்களோ வருமானக் கணிப்பில் அந்த முதலாண்டு விலையையே ஐந்து வருடத்துக்கும் இழுத்துவிட்டிருக்கிறார்கள்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் அனுமதி கையில் இருந்தும், சிகிச்சைச் செயலிகள் செய்த பேர் தெரப்யூட்டிக்ஸ் (Pear Therapeutics) நிறுவனம் 2023-இல் திவாலானது. காப்பீட்டுப் பணம் போதுமான அளவு வரவில்லை.

டிகா விலைப் பேச்சில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டாம் ஆண்டு விலையை எவ்வளவு குறைத்துப் போடுவது? ஆய்வு, மருத்துவச் சாதனச் சான்று, தரவுப் பாதுகாப்புத் தணிக்கை எல்லாம் முடியும்வரை எத்தனை மாதச் செலவுக்கான பணக் கையிருப்பு வேண்டும்?