ஒப்பரேஷன் மேசையிலேயே கரண்ட் வைத்து முடித்துவிடலாமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

லிந்துலை மகள்:

அம்மாவுக்கு வயது 66. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இடது மார்பில் ஒரு கட்டி, 1.6 சென்டிமீட்டர். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. ஹோர்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகையாம். மார்பை முழுக்க எடுக்க வேண்டியதில்லை, கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்துவிட்டுப் பிறகு கதிர் சிகிச்சை கொடுப்போம் என்றார் கண்டி டொக்டர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் 'பிறகு'தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம் வர வேண்டுமாம். எங்கள் டிவிசனில் இருந்து மெயின் ரோட்டுக்கு வரவே ஓட்டோவில் அரை மணி நேரம். அப்புறம் தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வளைவுகள். பஸ் கிளம்பும் முன்பே அம்மா ஷொப்பிங் பேக்கை மடியில் விரித்து வைத்துக்கொள்கிற ஆள். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், லீவும் அதிகம் மிச்சமில்லை.

சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன சித்தப்பாவின் மகன் வாட்ஸ்அப்பில் சொல்கிறார்: தியேட்டரில் வெட்டின இடத்திலேயே கரண்ட் வைத்துத் தைத்து அனுப்பிவிடுகிறார்களாம், ஒரே நாள் வேலையாம். உண்மையா? என் செயினை அடகு வைத்தாவது அங்கே கூட்டிப் போகட்டுமா?

பண்டாரவளைப் பையன்:

தங்கச்சி, உண்மைதான். நான் இங்கிலாந்தில் கதிர்ப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டியை எடுத்ததும் அங்கே ஒரு குழி இருக்கும். அதற்குள் உருண்டை முனையுள்ள ஒரு குழாயை வைப்பார்கள். குழிக்குத் தக்கபடி 1.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை உருண்டைகள் உண்டு. சதையை அதைச் சுற்றி இழுத்துக் கட்டி, தோல் ஒட்டாமல் விலக்கிவிட்டு, 20 முதல் 45 நிமிடம் வரை கதிரை விடுவார்கள். உருண்டையைத் தொடும் சதைக்கு 20 கிரே, கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பது கஷ்டம். அதனால் நுரையீரலும் இதயமும் தப்பித்துக்கொள்ளும், இடது பக்கம் என்றால் அது பெரிய விஷயம். லண்டனில் 1998-இல் முதல் ஆளுக்குச் செய்தார்கள். 2000-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், ஐந்து வருடத்தில் அதே மார்பில் திரும்பி வந்தது இந்த முறையில் 100க்கு 2.11 பேருக்கு, வழக்கமான முறையில் 0.95 பேருக்கு.

இத்தாலியில் மிலான் டொக்டர்மார் வேறு வகைக் கதிரில், எலெக்ட்ரானில், 21 கிரே ஒரே தடவையில் கொடுத்தார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தால் அதே மார்பில் திரும்பி வந்தது அங்கே 100க்கு 12.6 பேருக்கு, வழக்கமான முறையில் 2.4 பேருக்கு. உயிர் பிழைத்திருந்தவர்கள் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் திரும்ப வந்தால் திரும்ப வெட்ட வேண்டும், அதையும் யோசிக்க வேண்டும்.

அடகு வைக்கும் முன் இதைக் கவனியுங்கள். மேசையில் கதிர் விடும்போது முழு ரிப்போர்ட் யார் கையிலும் இருக்காது. வெட்டிய ஓரம் சுத்தமா, அக்குள் நெறியில் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். லண்டன் ஆய்விலேயே 100க்கு 20 பேர் வரை மறுபடி முழு மார்புக்கும் கதிர் எடுக்க வேண்டி வந்தது. இந்தியா போய் வந்தும் கண்டிக்கு நடக்க வேண்டி வந்தால்?

டொக்டரிடம் வேறு இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, ஐந்து நாளில் முடிக்க முடியுமா? 26 கிரேயை ஐந்து தடவையாக ஒரே வாரத்தில் கொடுக்கும் முறை இங்கிலாந்தில் 2020 முதல் நடக்கிறது. இன்னொன்று, கதிரே தேவையா? 65 தாண்டி, கட்டி சிறியதாக, அக்குள் சுத்தமாக இருந்தால் வெறும் மாத்திரையோடு விடுவதும் உண்டு. பத்து வருடத்தில் திரும்பி வருவது 100க்கு 1க்குப் பதில் 10 அளவுக்கு இருக்கும். ஆனால் ஆயுளில் வித்தியாசம் காணவில்லை.

மலைக்காற்று:

கத்தி பட்டால் பரவும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாட்டு வைத்தியம் பாருங்கள் அக்கா.

புசல்லாவை அக்கா:

மலைக்காற்றுத் தம்பி, அந்தப் பேச்சைக் கேட்டு எட்டு மாதம் கசாயம் குடித்த ஒருத்தியை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். போதும்.

தங்கச்சி, எனக்கு 2019-இல் இதேதான், 15 நாள் போனேன். பயப்படாதே. முதல் நாள் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்து, மை ஊசியால் மூன்று புள்ளி குத்தினார்கள். எங்கள் அம்மாச்சி கையில் இருந்த தேள் பச்சையில் கொடுக்கு அளவுகூட இல்லை. மெஷினுக்குக் கீழே பத்து நிமிடம்தான். சிங்களத்தில் 'ஹெலவென்ன எப்பா', அசையாதே, இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வலி கிடையாது, சூடு கிடையாது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பதுதான் அரை நாள். இரண்டு நாள் மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டிச் சொல்ல ஒரு போன்கூட இல்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் வாரம் மார்பின் அடிப்பக்கம் சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரிக் கறுத்து அரித்தது. முடிந்த அடுத்த வாரம்தான் அதிகம், பிறகு தானாக உரிந்தது. பழைய பருத்திச் சட்டை நாலு எடுத்து வை. களைப்பு வரும், குடம் தூக்க விடாதே.

முக்கியமானது கை. தலைக்கு மேலே கையைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும். ஒப்பரேஷன் முடிந்த பக்கம் முதலில் தோள் அளவுக்கே ஏறாது. வார்டு நர்ஸ் மிஸ்மார் காட்டிக் கொடுத்தபடி சுவரில் விரலால் நண்டு மாதிரி ஏறிப் பழகினேன். தினமும் போய் வராமல் டவுன் பக்கம் ஒரு அறை பார்.

லிந்துலை மகள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். செயின் கழுத்தில்தான் இருக்கிறது. ஒப்பரேஷன் முடிந்தது. ஓரம் சுத்தம், அக்குளிலும் ஒன்றுமில்லை. மாத்திரையோடு விடலாமா என்று கேட்டேன். டொக்டர் கொப்பியை மூடி வைத்துவிட்டு அம்மாவிடமே விளக்கினார், தமிழில். அம்மா, '100க்கு பத்து என்றால் நம்ம லயத்தில் எத்தனை பேர்?' என்று என்னிடம் கேட்டுவிட்டு, கரண்ட் வைத்துக்கொள்கிறேன் என்றார். அங்கே 15 நாள் முறைதான் தருகிறார்களாம். கட்டுகஸ்தோட்டையில் அத்தை வீட்டில் தங்கப் போகிறோம், லீவுக்கு அதிபரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா, சமையலறைச் சுவரில் தினமும் நண்டு ஏறுகிறது. ஏறிய இடத்தில் கரிக்கட்டையால் கோடு போடுகிறார். காலண்டர் ஆணிக்கு இன்னும் ஒரு சாண்.