பொருள்: இம்பீச்மென்ட் = பதவி நீக்கம்? இடிக்கிறதே!

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசமைப்பு பற்றிய அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். "1998 டிசம்பரில் அதிபர் கிளின்டன் பதவி நீக்கம் செய்யப்பட்டார். 2001 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து விடைபெற்றார்" என்று எழுதியிருந்தேன். மெய்ப்பு பார்த்த தோழி ஓரத்தில் ஒரு கேள்வி போட்டு அனுப்பிவிட்டார்: "நடுவில் இரண்டு வருஷம் வெள்ளை மாளிகையில் யார் இருந்தது?"

நாளிதழ்களில் படித்துப் படித்து, இம்பீச்மென்ட் என்றால் 'பதவி நீக்கம்' என்று எனக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே நடப்பது இரண்டு வேலை. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், அதுதான் இம்பீச்மென்ட். விசாரிப்பது மேலவையான செனட். அதிபர்மீதான விசாரணை என்றால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வந்து தலைமை தாங்குவார். வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு 'குற்றவாளி' என்றால்தான் பதவி போகும். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு எதிராக 35 வாக்கு, ஆதரவாக 19. 36 வேண்டும். ஒரே வாக்கில் தப்பினார்.

முதல் வேலைக்குத்தான் சொல் வேண்டும். 'பழிசாட்டல்' என்று வைக்கலாமா?

---

> 'பழிசாட்டல்' என்று வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. வீண்பழி, பழி போடுகிறான், பழி சுமத்துகிறான் என்று நாம் புழங்குவதில் எல்லாம் செய்யாத குற்றம் என்ற வாடை அடிக்கிறது. சாட்டும்போதே அதிபரை விடுவித்த மாதிரி ஆகிவிடும்.

நாற்பது வருஷம் கோர்ட்டில் நின்றவன் காதுக்கு இம்பீச்மென்ட் குற்றப்பத்திரிகைக்குப் பக்கத்தில் வருகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் ஆள் சிறைக்குப் போய்விட்டான் என்று யாரும் எழுதுவதில்லையே! ஆனால் அந்தச் சொல்லையே எடுக்கவும் முடியாது. செனட்டால் சிறைக்கு அனுப்ப முடியாது. பதவியைப் பறிக்கலாம், இனி பதவி வகிக்கத் தடை போடலாம், அவ்வளவுதான். மற்றதற்குத் தனியாக நீதிமன்றம் இருக்கிறது. ஆகவே 'பதவி'யை முன்னால் வைத்து, 'பதவிக் குற்றச்சாட்டு' என்பேன்.

ஆல்சீ ஹேஸ்டிங்ஸ் கதையை உங்கள் நூலில் சேர்த்தால் நல்லது. கூட்டாட்சி நீதிபதி. 1988இல் சபை குற்றம் சாட்டியது. 1989இல் செனட் நீக்கியது. ஆனால் தடை போடவில்லை. 1992 தேர்தலில் நின்று, தன்மேல் குற்றம் சாட்டிய அதே சபைக்கே உறுப்பினராகிவிட்டார். சாட்டுவது, நீக்குவது, தடுப்பது மூன்றும் வேறு வேறு என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல?

---

ஐயா, இலங்கையில் 'குற்றப்பிரேரணை' என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது (பிரேரணை என்றால் சபையில் முன்வைக்கும் தீர்மானம்). 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்ட காலத்தில் நாங்கள் நாளாந்தம் வாசித்த சொல். இருப்பதை விட்டுப் புதிதாக ஏன்?

இன்னொன்று. 'பதவிக் குற்றம்' என்றால் பதவியை வைத்துச் செய்த குற்றம் என்றல்லவா சனம் விளங்கிக்கொள்ளும்? கிளின்டன் மீது சாட்டியது, தன் சொந்த விவகாரத்தில் பொய்ச் சத்தியம் செய்தார், நீதிக்கு இடையூறு செய்தார் என்பது.

---

குற்றப்பிரேரணை எனக்கும் பிடித்த சொல்தான் அண்ணா, உச்சரிக்கவே கம்பீரமாக இருக்கிறது. தடுக்கி விழுவது அதிபர் நிக்சனிடம். 1974 ஜூலையில் சபையின் நீதிக்குழு அவர்மீதான குற்றச்சாட்டுகளை ஏற்றது. முழுச் சபை வாக்கெடுக்கும் முன்பே, ஆகஸ்ட் 9ஆம் தேதி அவர் விலகிவிட்டார். பிரேரணை இருந்தது, இம்பீச்மென்ட் நடக்கவில்லை. 'நிக்சன் குற்றப்பிரேரணைக்கு உள்ளானார்' என்று நான் எழுதினால் அதே தோழி மறுபடி ஓரத்தில் கேள்வி போடுவார்.

உங்கள் இரண்டாவது ஐயம் நியாயம். 'பதவிக் குற்றம் சாட்டினர்' என்று வினையாக்கினால் நீங்கள் சொல்லும் பொருள்தான் வருகிறது. அதனால் சொல்லைப் பிரிக்கப் போவதில்லை. 'பதவிக் குற்றச்சாட்டுக்கு உள்ளானார்' என்றே எங்கும் எழுதிவிடுகிறேன். பதவிக்கு உலை வைக்கும் குற்றச்சாட்டு என்று முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம். ஈழ வாசகர்களுக்காகக் குற்றப்பிரேரணையும் அங்கேயே வரும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். செனட்டில் சபையின் தரப்பை எடுத்து வாதாடுபவர்களை அங்கே மேனேஜர்கள் என்கிறார்கள். 'சபை மேலாளர்கள்' என்று போட்டால் ஓட்டல் நடத்துகிறவர்கள் மாதிரி இருக்கிறது. 'சபை வழக்கறிஞர்கள்' என்றால் உங்கள் சங்கம் சண்டைக்கு வருமா ஐயா?

---

சங்கம் வராது. ஆனால் அவர்கள் வக்கீல் வைத்து வாதாடுவதில்லை, சபை உறுப்பினர்களே போய் நிற்கிறார்கள். 'வழக்கு நடத்தும் உறுப்பினர்கள்' என்று நீட்டியே எழுதிவிடுங்கள்.