மீயொலி ஸ்கேன் செய்வோரின் தோள், மணிக்கட்டு நோவு: ‘தொடர்பளுக் கேடு’ பொருந்துமா?

வணக்கம்.

மீயொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் செய்வோருக்கு வேலையால் வரும் தோள், மணிக்கட்டு நோவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி. இதற்கு ‘மீள்செயல் காயம்’ (திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம்) என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. காயம் என்றால் அடிபட்டது, வெட்டுப்பட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பதோ மாதக்கணக்கில் தசைநாண் நைந்துபோவது. ‘மீள்செயல்’ அதைவிடப் பிழை. இந்த வேலையில் கை அசைவதைப் போலவே அசையாமல் நிற்பதும் கெடுக்கிறது. படுத்திருப்பவரின் மறுபக்கத்தை எட்டிப் பிடிக்கும்போது மேற்கை விலாவிலிருந்து விலகியே நிற்கும். விலகல் 30 பாகையைத் தாண்டினால் தோள்தசையின் சுமை ஏறும், இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டமும் குறையும். பருத்த உடலில் படம் தெளியப் புரோப்பை, அதாவது உடல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கைக்கருவியை, அழுத்த வேண்டும். அதுவும் விரல்நுனிகளால் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கியபடி. கேபிள் வேறு கையைக் கீழே இழுக்கும். இவற்றில் எதுவும் ‘மீள்செயல்’ என்பதில் அடங்காது.

‘தொடர்பளுக் கேடு’ என்று வைக்கலாம். திரும்பத் திரும்ப வரும் பளு, விடாமல் தாங்கும் பளு, இரண்டுக்கும் ‘தொடர்’ இடம் தருகிறது.

*

வணக்கம் ஐயா.

‘கேடு’ சரி. ஆனால் முதல் கட்டத்துக்குத் தனிச்சொல் வேண்டும். வேலை முடிந்ததும் “தோள் உளையுது” என்றுதான் சொல்கிறார்கள். ஓய்வெடுத்தால் அடங்குவது உளைச்சல். இரவிலும் விடாத வலி, விரல் மரப்பு, பிடி தளர்வு என்றானால் கேடு. எல்லாவற்றையும் கேடு என்றால் உளைச்சலோடு வருபவர் சொல்லவே தயங்குவார்.

பயிற்சிக் கையேட்டில் விளக்கத்தை ஒட்டியே தடுப்பும் வரட்டும். ஸ்கேன் செய்யப்படுபவரைக் கட்டிலின் விளிம்புவரை நகரச் சொல்ல வேண்டும். எட்டிப் பிடிப்பது அதிலேயே பெரும்பாலும் ஒழியும். முழங்கை விலாவை ஒட்டி நிற்கும்படி கட்டிலின் உயரத்தை மாற்ற வேண்டும், முன்கைக்கு அடியில் சுருட்டிய துண்டு. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், நேர் எதிரே. பக்கவாட்டில் இருந்தால் கழுத்து திரும்பியே இருக்கும். கேபிளைக் கழுத்தில் மாட்டக் கூடாது, முன்கைப் பட்டையில் செருகலாம். படத்தை உறையவைத்து அளவெடுக்கும் நேரத்தில் புரோப் பிடித்த கை இறங்கி இளைப்பாறட்டும்.

*

உளைச்சலைச் சேர்த்துக்கொள்கிறேன். ‘மன உளைச்சல்’ என்று மயங்காதிருக்க உறுப்பின் பெயரோடு, ‘தோள் உளைச்சல்’ என்றே எழுதுவோம். மணிக்கட்டுக் குகை நோய் (மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல் மரப்பது) போல முன்பே பெயருள்ளவை அப்படியே இருக்கட்டும்; ‘தொடர்பளுக் கேடு’ அவற்றுக்குப் பொதுத் தலைப்பு மட்டுமே. ‘க்’ விடாமல் எழுதக் கோருகிறேன்.