திகில் படத்தில் வரும் வைத்தியசாலை அத்தியட்சகர்: அவருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது?

நல்லூர் வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதம் ஒருமுறை பழைய படம் ஒன்றைப் பார்த்துக் கலந்துரையாடுவது வழக்கம். இம்முறை ரொபர்ட் டே இயக்கி 1958 இல் உருவான 'கொரிடோர்ஸ் ஒஃப் பிளட்' என்ற படத்தைப் பார்த்தோம். கதை 1840 ஆம் ஆண்டு இலண்டனில் நடக்கிறது. மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நோயாளிகளின் அலறலைத் தாங்க மாட்டாமல் வலியற்ற சத்திரசிகிச்சைக்கு வழி தேடி, வாயுக்களைத் தன்மீதே பரிசோதித்து, இறுதியில் அவற்றுக்கே அடிமையாகிப்போகும் வைத்தியர் போல்டனாகப் பொரிஸ் கார்லோவ் நடித்திருக்கிறார். பிணங்களை விற்பதற்காகக் கொலை செய்பவனாகக் கிறிஸ்தோபர் லீ வருகிறார்.

எங்கள் உரையாடல் முழுவதும் இவ்விருவரையும் பற்றியே அமைந்தது. எனக்கோ பின்லே கரி நடித்த அத்தியட்சகர் மத்தீசன் பாத்திரமே மனத்தை விட்டு அகலவில்லை. படத்தில் அவருக்கு இடம் சிறிது. ஆயினும் போல்டன் எங்கே சென்றாலும் இறுதியில் அந்த வைத்தியசாலையின் கதவுக்கே திரும்பிவர வேண்டியிருக்கிறது. அந்தக் கதவுக்குப் பொறுப்பானவர் மத்தீசன். கதாநாயகனுக்குத் தடையாக ஒருவர் வேண்டும் என்பதற்காகவே கதாசிரியர் அவரை அங்கே நிறுத்தினாரா, அல்லது அக்காலத்து வைத்தியசாலை அதிகாரி ஒருவருக்கு உண்மையிலேயே அவ்வளவு அதிகாரம் இருந்ததா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். 'அத்தியட்சகர்' என்ற சொல் இங்கே பொருந்துமா என்பதையும் கூறுங்கள்.

மானிப்பாய் அன்பர்:

சொல் பொருத்தமானதே. எங்கள் ஆதார வைத்தியசாலைகளில் இன்றும் புழங்கும் சொல் அது. 'பணிப்பாளர்' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் இன்றைய போதனா வைத்தியசாலைதான் தோன்றும்.

அதிகாரத்தைப் பொறுத்தவரை, அன்றைய இலண்டன் வைத்தியசாலைகளை அரசாங்கம் நடத்தவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலானவை செல்வந்தர்களின் நன்கொடையிலும் சந்தாவிலும் இயங்கின. பல இடங்களில் சந்தாதாரர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் ஏழை நோயாளி ஒருவர் உள்ளே படுக்கவும் முடியாது. ஆகவே அத்தியட்சகர் ஒரு புறம் வைத்தியர்களுக்கும் மறு புறம் பணம் கொடுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் இடையில் அகப்பட்டவர். படத்தில் போல்டனுக்கு நேர்வதுபோல், மாணவர்களும் கனவான்களும் பார்த்திருக்க, மேசையில் கிடந்த நோயாளி பாதியில் விழித்தெழுந்து கலவரம் செய்தால், அந்த அவமானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

போல்டனின் தோல்வி வெறும் கற்பனையுமன்று. சிரிப்பூட்டும் வாயு சத்திரசிகிச்சையில் வலியை நீக்க உதவலாம் என்று ஹம்ப்ரி டேவி 1800 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 1845 ஜனவரியில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் பொஸ்ரனில் அந்த வாயுவைக் கொடுத்துப் பல் பிடுங்கிக் காட்டியபோது நோயாளி கத்திவிட்டார். பார்த்திருந்தவர்கள் வெல்ஸை ஏமாற்றுக்காரர் என்று ஏளனம் செய்தார்கள். 1846 ஒக்ரோபர் 16 அன்று அதே நகரில் ஈதர் என்ற மயக்க மருந்து வெற்றி பெற்றது. டிசம்பர் 21 அன்று இலண்டனில் ரொபர்ட் லிஸ்ரன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஈதர் கொடுத்துக் கால் ஒன்றைத் துண்டித்தார். எங்கள் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்த சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தது 1847 இல், அதாவது அதற்கு அடுத்த ஆண்டில். 1840 இல் இருக்கும் மத்தீசனுக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க முடியாது. அவரை மூடர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது என்றே நான் நினைக்கிறேன்.

பழைய பதிவேட்டு எழுதுநர்:

மேலே உள்ள அன்பர் உயிருள்ள நோயாளிகளைப் பற்றிக் கூறினார். இறந்தவர்கள் விடயத்தில்தான் அந்த அதிகாரத்தின் முழு அளவும் தெரிகிறது என்பது என் கருத்து.

எடின்பரோவில் பேர்க், ஹெயர் இருவரும் 1828 இல் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்றியல் கற்கைக்கு விற்றபோது எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை. 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம் அதை மாற்றியது. உடல் எவருடைய சட்டபூர்வமான பொறுப்பில் இருக்கிறதோ அவர், இறந்தவரோ உறவினரோ மறுப்புத் தெரிவித்திராவிட்டால், அதைக் கற்கைக்குக் கொடுக்கலாம் என்றாயிற்று. உரிமை கோர ஆளில்லாத ஏழை வைத்தியசாலையில் இறந்தால் அந்தப் பொறுப்பு அங்குள்ள அதிகாரியிடமே வந்து சேரும். அத்துடன் 48 மணி நேரம் கழிய வேண்டும். எவ்வாறு இறந்தார் என்று வைத்தியர் ஒருவர் கையொப்பமிட்ட பத்திரமும் வேண்டும். சாதாரண மரணப் பதிவுக்கு வைத்தியரின் பத்திரத்தை ஆங்கிலச் சட்டம் கட்டாயமாக்கியது 1874 இல்தான் என்பதைக் கவனியுங்கள். படத்தில் கொலைகாரக் கும்பல் போல்டனை மிரட்டிப் பொய்யான மரணப் பத்திரங்களில் கையொப்பம் வாங்குவதன் காரணம் இப்போது விளங்கும். அந்தப் பத்திரத்தோடு வரும் உடலை ஒரு வைத்தியசாலை பெற்றுக்கொண்டால் கொலை அங்கேயே மறைந்துவிடும்.

நான் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் நீண்ட காலம் கடமையாற்றியவன். காலையில் கையொப்பத்துக்குப் போகும் படிவங்களை, ஒவ்வொன்றினதும் கீழ் விளிம்பு மட்டும் தெரியுமாறு படிக்கட்டுப்போல் அடுக்கிக் கொண்டுபோவோம். அதிகாரி தாளைத் தூக்காமல் மேலிருந்து கீழாகக் கையொப்பமிட்டுக்கொண்டு வருவார். பதினைந்து படிவம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் மட்டும் முதல் நாளே அந்த அடுக்கைக் கலைத்து ஒவ்வொரு தாளையும் வாசித்தார். பிரேத அறையில் உரிமை கோர ஆளின்றி ஆறு நாளாகக் கிடந்த வயோதிபர் ஒருவரின் படிவத்தில் நிறுத்தி, "முகவரியில் கிராமத்தின் பெயர் இருக்கிறதே, கிராம சேவகரிடம் கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. அன்று மாலையே அந்த மனிதரின் மகள் வந்து சேர்ந்தார். அந்தப் படிவத்தை அடுக்கியவன் நான் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

நாடகத்துறை சார்ந்த ஒருவர்:

நடிப்பைப் பற்றி ஒன்று கூற விரும்புகிறேன். கார்லோவ் பிறந்தது 1887 இல், கரி பிறந்தது 1878 இல். படம் எடுக்கப்பட்டபோது எழுபதை எட்டியவராய் இருந்த கார்லோவை, எண்பது வயதான கரியின் முன்னால் நிறுத்தியதும் அந்தப் பெரிய வைத்தியர் அனுமதி கேட்க வந்த இளையவர்போல் ஆகிவிடுகிறார். 1946 இல் டிக்கன்சின் கதையில் சிறைக் கைதி மெக்விச்சாக நடித்தவரும் இதே கரிதான். சட்டத்துக்கு அஞ்சி ஓடியவராகப் பார்த்த முகத்தைச் சட்டத்தின் பக்கம் பார்க்கும்போது எனக்கு ஒரு நடுக்கம் ஏற்பட்டது.

நல்லூர் வாசகர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1832 ஆம் ஆண்டுச் சட்டத்தை அறியாமல்தான் நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பத்திரங்களில் போல்டன் கையொப்பமிடும் காட்சிகளை மட்டும் மீண்டும் திரையிட ஒழுங்கு செய்கிறேன். பதிவேட்டு எழுதுநர் ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்தால், அன்று வந்து அந்தப் படிவ அடுக்கைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.